ராஜஹம்சம் கப்பலில் இருந்த சில வசதிகள்

தூத்துக்குடியில் யாரைக் கேட்டாலும் தஸ்நேவிஸ் பொய் சொல்கிறவர் என்று சொல்லமாட்டார்கள். பொய் என்றால் அதில் ஒரு காரியம் இருக்க வேண்டும். எதையாவது மறைக்க வேண்டும், எதையாவது பிடுங்க வேண்டும். தஸ்நேவிஸிடம் அந்தச் சில்லறை நோக்கமெல்லாம் கிடையாது. வாயைத் திறப்பார், வரும். அவர் ஒரு கடை வாசலில் நின்று பேச ஆரம்பித்தால் சைக்கிளில் போகிறவர்கள்கூட ஒரு காலை ஊன்றி நின்றுவிடுவார்கள். நம்புவதற்காக இல்லை. இன்றைக்கு எவ்வளவு தூரம் போகிறார் என்று பார்ப்பதற்காக.

அவர் சரக்கில் உசத்தியான சரக்கு ராஜஹம்சம்.

ராஜஹம்சம் ஒரு சொகுசுக் கப்பல். ஒரு காலத்தில் தூத்துக்குடியிலிருந்து கொழும்பு, மாலத்தீவு என்று வசதியானவர்களை ஏற்றிக்கொண்டு போய் வந்தது. பிறகு கம்பெனி நொடித்துப்போய், கப்பலும் நின்றுபோனது. அந்தக் காலத்தில் தஸ்நேவிஸ் கப்பல்களுக்குக் காய்கறி ஏற்றும் ஏஜென்ட் ஒருவரிடம் வேலை பார்த்தார். ராஜஹம்சத்துக்குப் பல்லாரி வெங்காயம் கொண்டுபோவது அவர் பொறுப்பு. கப்பலின் வயிற்றுப் பக்கம், தண்ணீருக்குச் சற்று மேலே, ஒரு இரும்புக் கதவு திறக்கும். மூட்டையை உள்ளே தள்ள வேண்டும். கதவு மூடிக்கொள்ளும். ஒரே ஒரு தடவை மூட்டையோடு சேர்த்துத் தன் தலையையும் உள்ளே நீட்டினார். சிவப்புக் கம்பளம் விரித்த நடை ஒன்று தெரிந்தது. வெண்ணெய் உருகும் வாசனை வந்தது. யாரோ இந்தியில் வைதார்கள். தலையை வெளியே எடுத்துக்கொண்டார். ஆக, ராஜஹம்சத்துக்குள் போனது அவருடைய தலை மட்டும்தான். அந்தத் தலை பார்த்ததை வைத்துக்கொண்டு அவர் பாதி ஆயுளை ஓட்டிவிட்டார்.

அமலோற்பவத்தைப் பெண் பார்க்கப் போன இடத்திலும் அவர் வாய் சும்மா இருக்கவில்லை. கல்யாணம் முடிந்த கையோடு ராஜஹம்சத்தில் கொழும்புக்குக் கூட்டிப்போகிறேன், கேப்டன் நமக்குச் சிநேகிதன்தான், மேல்தளத்தில் ஜன்னல் வைத்த ரூமாகப் போடச் சொல்லியிருக்கிறேன் என்று சொல்லிவிட்டார். அந்தப் பெண்ணும் அப்போது சின்னப் பெண், நம்பிவிட்டாள். கல்யாணம் முடிந்து இருவரும் போனது மணப்பாடு திருவிழாவுக்கு, நின்றுகொண்டே, பஸ்ஸில். அப்புறம் கப்பல் நின்றுபோனது தஸ்நேவிஸுக்குப் பெரிய உபகாரமாக அமைந்தது. கப்பலே இல்லையே, இல்லாவிட்டால் கூட்டிப்போயிருக்கமாட்டேனா என்று வருஷக்கணக்கில் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார். அமலோற்பவம் பதில் சொன்னதே இல்லை. அவர் கதை அளக்கும்போதெல்லாம் மீன் ஆய்ந்துகொண்டோ, துணி மடித்துக்கொண்டோ, மழை பெய்வதைக் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

அப்படி இருக்கும்போதுதான் ராஜஹம்சம் மறுபடியும் ஓடப்போகிறது என்று பேப்பரில் வந்தது. யாரோ புது முதலாளி பெயரையும் கப்பலையும் சேர்த்து வாங்கி, பெயின்ட் அடித்து, அன்னப்பறவைப் படம் வரைந்து, பழைய பெருமையோடு திரும்பி வருகிறோம் என்று அரைப் பக்கத்துக்கு விளம்பரம் போட்டிருந்தார். அமலோற்பவம் அந்தப் பக்கத்தை நான்காக மடித்து அவருடைய டீ டம்ளருக்கு அடியில் வைத்துவிட்டு உள்ளே போனாள். தஸ்நேவிஸுக்கு அன்றைக்கு டீ இறங்கவில்லை.

விளம்பரத்தின் கீழே ஒரு விஷயம் இருந்தது. கம்பெனிக்காரர்கள் ஊர் ஊராக வந்து, பயணிகள் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று கேட்கப்போகிறார்கள். தூத்துக்குடியில் கடற்கரைச் சாலை ஓட்டலில் கூட்டம், மதியச் சாப்பாடு உண்டு. கம்பெனிக்கு ரொம்ப உபயோகமாகப் பேசுகிறவருக்கு முதல் பயணத்தில் ஜன்னல் வைத்த ரூம், இரண்டு பேருக்கு, இலவசம்.

பேச்சுக்குப் பரிசு என்று படித்ததும் தஸ்நேவிஸின் முதுகு தானாக நிமிர்ந்தது. டிக்கெட் எடுத்துக் கூட்டிப்போக இந்த ஜென்மத்தில் நடக்காது. பேசிக் கூட்டிப்போகலாம். மனைவியிடம் சொன்னார். அங்கே சீலா மீன் வறுவல் போடுவார்கள் என்றால் தானும் வருவதாக அவள் சொன்னாள்.

கூட்டத்துக்கு ஊரில் கொஞ்சம் காசு உள்ளவர்களெல்லாம் வந்திருந்தார்கள். கம்பெனி சார்பில் பேசியவள் நிரஞ்சனா என்ற சென்னைப் பெண். நீலக் கோட்டில் அன்னப்பறவை பேட்ஜ் குத்தியிருந்தாள். உங்கள் எதிர்பார்ப்புதான் எங்கள் திசைகாட்டி என்று அவள் சொன்னபோது குரல் தழுதழுத்தது. போன வாரம் கொச்சியிலும் அதே இடத்தில் தழுதழுத்திருந்தது. உண்மையில் அவளுக்கு யாருடைய எதிர்பார்ப்பும் வேண்டியிருக்கவில்லை. முதல் பயணத்தில் பாதி ரூம்கள் காலியாகக் கிடந்தன. அதை நிரப்பாமல் ஆபீஸ் பக்கம் வராதே என்று காலையில்தான் மேலதிகாரி போனில் சொல்லியிருந்தார்.

முதலில் எல்லோரும் நியாயமாகத்தான் கேட்டார்கள். உப்பள முதலாளி சிவகுருநாதன் எழுந்து, கப்பல் ஆடக்கூடாது, அவ்வளவுதான் என்றார். கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற பேராசிரியர் பரமானந்தம், காலையில் தமிழ்ப் பேப்பரும் பாத்ரூமில் ஒரு குவளையும் இருந்தால் போதும் என்றார். குவளைக்குக் கைதட்டல் பலமாக விழுந்தது. தயிர்சாதம் வேண்டும் என்று ஒரு குரல் வந்தது. எல்லாம் செய்துவிடலாம் சார் என்று நிரஞ்சனா சந்தோஷமாகத் தலையாட்டினாள். மைக் தஸ்நேவிஸ் கைக்குப் போகும்வரை அவளுக்கு நல்ல நாளாகவே இருந்தது.

தஸ்நேவிஸ் மைக்கை வாங்கிக்கொண்டு, தான் எதிர்பார்ப்பதாகப் பெரிதாக ஒன்றும் இல்லை, பழைய ராஜஹம்சத்தில் போய்ப் பழகிவிட்டதால் அதில் இருந்த சாதாரண வசதிகள் இருந்தால் போதும் என்று அடக்கமாக ஆரம்பித்தார். கூட்டம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டது. அமலோற்பவம் வறுவல் எந்தப் பக்கமிருந்து வரும் என்று கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலில் மெத்தையைச் சொன்னார். ராஜஹம்சத்து மெத்தையில் சும்மா போய்ப் படுத்துவிட முடியாதாம். படுக்கிறவர் இடுப்பில் ஒரு கயிறு கட்டி, மறுமுனையைக் கட்டில் காலில் முடிந்துவிடுவார்களாம். அவ்வளவு மெது; உள்ளே போய்விட்டால் ஆள் கிடைக்கமாட்டான். சேலத்து ஜவுளிக்காரர் ஒருவர் கயிறு வேண்டாம் என்று வீம்பு பண்ணிப் படுத்தார். அவரைத் தேடப் போன ரூம் பையனையும் காணவில்லை. மாலத்தீவில் கப்பல் நின்றபோது இருவரும் மெத்தையின் அடிப்பக்கமாக வெளியே வந்தார்கள், ஜவுளிக்காரருக்கு நல்ல தூக்கம்.

"சாப்பாடு எப்படிவே?" என்று சிவகுருநாதன் கேட்டார். அவருக்கு வாய்கொள்ளாத சிரிப்பு.

சாப்பாடு நின்றுகொண்டே எடுத்துப் போட்டுக்கொள்ளும் சாப்பாடுதான், அதில் விசேஷமில்லை என்றார் தஸ்நேவிஸ். மேஜைதான் கொஞ்சம் நீளம். இட்லிப் பக்கம் தட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினால் பாயசத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் மறுபடி பசிக்கும். அதனால் நடுவழியில் ஒரு டீக்கடை போட்டிருந்தார்கள். பரோட்டாவுக்கும் பிரியாணிக்கும் நடுவே பரிமாறின ஒருவன், தினமும் ரூமுக்குப் போய் வர முடியவில்லை என்று அங்கேயே வீடு பார்த்துக் கல்யாணமும் செய்துகொண்டான். பெண் ஐஸ்கிரீம் பக்கத்துக் குடும்பம். தூரத்துச் சம்பந்தம் என்று முதலில் அவர்கள் யோசித்தார்களாம்.

சிரிப்பு அடங்குவதற்குள் நீச்சல் குளத்துக்குப் போய்விட்டார். ராஜஹம்சத்து நீச்சல் குளத்தைச் சுற்றிப் பார்க்க யாருக்கும் பொழுது போதவில்லையாம். குளத்தில் அலை அடித்தது. அக்கரைக்குப் போகிறவர்களுக்காகக் குளத்துக்குள்ளேயே ஒரு சின்னக் கப்பல் ஓடியது.

இங்கேதான் பேராசிரியர் எழுந்தார். கப்பலுக்குள் குளம், குளத்துக்குள் கப்பல் என்றால் எடை என்ன ஆவது, மிதப்பது எப்படி என்று சில கேள்விகள் கேட்டார். தஸ்நேவிஸ் அவரை மரியாதையாகவே பார்த்தார். படித்தவர் கேட்கிறார், நியாயமான கேள்வி, எனக்கும் அதே சந்தேகம் வந்து கேப்டனிடம் கேட்டேன் என்றார். அந்தச் சின்னக் கப்பலும் சொகுசுக் கப்பல்தான், அதன் மேல்தளத்திலும் ஒரு நீச்சல் குளம் இருந்தது என்றார்.

"அந்தக் குளத்துக்குள்ளயும் கப்பல் ஓடிச்சா?" என்றார் பேராசிரியர்.

"சேச்சே. அதுல தோணிதான் விட்டிருந்தாங்க. இல்லாததை இருந்ததா சொல்லக்கூடாது பாருங்க."

பேராசிரியர் உட்கார்ந்துவிட்டார். அப்புறம் ஆட்டத்தைப் பற்றிக் கேட்டார்கள். கப்பல் ஆடவே ஆடாது என்றார். கடல்தான் ஆடும், கப்பல் ஊன்றின கம்பம்போல நிற்கும். ஆடாவிட்டால் கப்பலில் வந்த மாதிரியே இல்லை, காசு தண்டம் என்று காயல்பட்டினத்துப் பெரியவர் ஒருவர் சண்டைக்கு நிற்க, அவர் கட்டிலை மட்டும் ஆட்டிவிடுவதற்கு இரண்டு ஆட்களைக் கம்பெனி நியமித்தது. அவர்களுக்குத்தான் வாந்தி வந்தது.

கடைசியாக உபசரிப்பைச் சொன்னார். அதில்தான் வினையே வந்தது. ராஜஹம்சத்தில் மணி அடித்து ஆளைக் கூப்பிடும் வழக்கமே கிடையாதாம். மனசில் காபி என்று நினைத்தால் போதும், கதவைத் தட்டிக் காபி வரும். சர்க்கரை எவ்வளவு என்று நினைத்தீர்களோ அவ்வளவு இருக்கும். எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் சாயங்காலம் பாளையங்கோட்டைக்காரர் ஒருவர் ஏதோ யோசனையில் மாமியாரை நினைத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் கதவைத் தட்டுகிற சத்தம். திறந்தால், மாமியார், கையில் பெட்டி. நடுக்கடலில். அதற்குப் பிறகு கொழும்பு போய்ச் சேரும்வரை அந்தக் கப்பலில் ஒரு ஆண்பிள்ளையும் எதையும் நினைக்கவில்லை.

கூட்டம் மேஜையைத் தட்டிச் சிரித்தது. தஸ்நேவிஸ் மைக்கைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். ஜன்னல் வைத்த ரூம் கண்ணுக்குத் தெரிந்தது.

ஆனால் சிரித்து முடித்த கூட்டம் வேறு கூட்டமாக இருந்தது. யாரும் ஒரு வார்த்தையும் நம்பவில்லைதான். இருந்தாலும் குவளை கேட்டவருக்கு இப்போது குவளை அற்பமாகப்பட்டது. தயிர்சாதத்தைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை. புதுக் கப்பலில் நீச்சல் குளம் எத்தனை பெரிசு என்று சிவகுருநாதன் விசாரித்தார். நிரஞ்சனா படத்தைக் காட்டினாள். படத்தில் ஒரு ஆள் குளத்துக்குள் உட்கார்ந்திருந்தார், அவர் முழங்கால் எதிர்ச்சுவரில் இடித்துக்கொண்டிருந்தது.

"என்னம்மா இது, கழுவி எடுத்ததுல சுருங்கிப்போச்சா?" என்றார் சிவகுருநாதன்.

அதன்பிறகு ஒவ்வொருவராகப் பிடித்துக்கொண்டார்கள். மெத்தை எவ்வளவு கனம், மேஜை எவ்வளவு நீளம், காபிக்கு மணி அடிக்க வேண்டுமா என்று கேட்டார்கள். அவள் உண்மையைச் சொல்லச் சொல்ல முகங்கள் தொங்கின. பழைய பெருமையோடு திரும்பி வருவதாகச் சொன்னீர்களே, அந்தப் பெருமையெல்லாம் எங்கே என்று ஒருவர் கோபித்துக்கொண்டார். இரண்டு பேர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தே விட்டார்கள். நிரஞ்சனாவின் கண்கள் தஸ்நேவிஸைத் தேடி வந்தன. இந்தத் தடவை குரல் நிஜமாகவே தழுதழுத்தது.

"சார், நீங்க எந்த வருஷம் எங்க கப்பல்ல போனீங்க? எந்த ரூம்?"

"ஆமாவே, அதைச் சொல்லும்" என்றார் பேராசிரியர், குளத்துக்குள் விழுந்த மானத்தை மீட்கும் ஆவலோடு.

தஸ்நேவிஸ் வாயைத் திறந்தார். வழக்கமாக வருவது வரவில்லை. சிவப்புக் கம்பளம் தெரிந்தது, வெண்ணெய் வாசனை வந்தது, அதற்கு மேல் ஒன்றும் இல்லை. கூட்டமே தன்னைப் பார்ப்பது அவருக்குப் பழக்கம். இப்படிப் பதிலுக்காகப் பார்ப்பது புதிது. மனைவியின் பக்கம் திரும்ப அவருக்குத் தைரியம் இல்லை. ரூமும் போச்சு, பேரும் போச்சு, இனிமேல் ஊரில் ஒரு கடை வாசலில் நிற்க முடியாது என்று நினைத்தார்.

அப்போது பக்கத்து நாற்காலி நகர்ந்தது. அமலோற்பவம் எழுந்து நின்றுகொண்டிருந்தாள். மைக்கெல்லாம் வேண்டாம் என்று கையால் தள்ளிவிட்டாள்.

"அவருகிட்ட கேட்டா என்ன தெரியும்" என்றாள். "ஆம்பிளைங்க சாப்பாடையும் மெத்தையையும்தான் பாப்பாங்க. அந்தக் கப்பல் ஏன் நின்னுச்சின்னு யாராவது கேட்டீங்களா? நான் சொல்லுதேன்."

சொன்னாள். சந்தை விலை சொல்லும் குரலில்தான் சொன்னாள். ராஜஹம்சம் நஷ்டத்தில் நிற்கவில்லை, அதில் ஏறினவர்கள் இறங்காததால் நின்றது என்றாள். கொழும்பில் படிக்கட்டை இறக்கினார்கள், ஒருவரும் அசையவில்லை. தூத்துக்குடிக்குத் திரும்பி வந்து இறக்கினார்கள், அப்போதும் இல்லை. அடுத்த பயணத்துக்கு டிக்கெட் எடுத்தவர்களும் மேலே ஏறிக்கொண்டார்கள். கம்பெனி கெஞ்சிப் பார்த்தது. போலீஸை அனுப்பியது. போன போலீஸ்காரர்கள் காலைச் சாப்பாடு சாப்பிட்டார்கள், அவர்களும் இறங்கவில்லை. அவர்களை இறக்கப் போன இன்ஸ்பெக்டர், வீட்டுக்கு ஆள் அனுப்பி, இடுப்பில் கட்டிக்கொள்ளத் தன் சாரத்தை வரவழைத்துக்கொண்டார். கடையில் ஆள் இல்லை, பள்ளிக்கூடத்தில் வாத்தியார் இல்லை, மாதா கோயிலில் பூசை வைக்கச் சாமியார் இல்லை. கடைசியில் கேப்டன் என்ன செய்வார், பாவம். கப்பலை ஆழமான இடத்துக்குக் கொண்டுபோய், புட்டுக் குழாயைக் கவிழ்த்துத் தட்டுகிற மாதிரி தலைகீழாகக் கவிழ்த்து, அடியில் நாலு தட்டுத் தட்டினார். அப்போதுதான் எல்லோரும் பொலபொலவென்று உதிர்ந்தார்கள்.

"இவரு தலைகீழா விழுந்தவரு. அதுல ரூம் நம்பரும் வருஷமும் மறந்துபோச்சு. அவருகிட்டப் போய்க் கேக்குதீங்க."

தஸ்நேவிஸ் வாயைத் திறந்தபடி மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அமலோற்பவம் நிரஞ்சனாவைப் பார்த்தாள். "நான் எதிர்பாக்கது ஒண்ணே ஒண்ணும்மா. புதுக் கப்பல்ல நிறைய குறை வைங்க. டீ ஆறிப்போயி வரணும். ஆளைக் கூப்பிட்டா மூணாவது தடவைதான் திரும்பிப் பாக்கணும். பக்கத்து ரூம்ல ஒருத்தன் குறட்டை விடணும். இல்லேன்னா இவங்க யாரும் வீடு வந்து சேரமாட்டாங்க. எனக்குக் கோழி இருக்கு, கூட்டை யாரு அடைப்பா?"

உட்கார்ந்துவிட்டாள். முதலில் சிவகுருநாதன்தான் அசைந்தார். அந்த அம்மா சொல்வது வாஸ்தவம்தான், தான் இறங்காமல் போனால் உப்பளத்தை மைத்துனன் எழுதி வாங்கிவிடுவான் என்றார். தனக்கு ரூம் கதவு சரியாகச் சாத்தக்கூடாது என்று கேட்டுக்கொண்டார். மெத்தையில் கட்டியாக ஏதாவது முதுகைக் குத்தினால் தேவலை என்றார் ஒரு டாக்டர். பையை எடுத்தவர்கள் பையைக் கீழே வைத்தார்கள். பேராசிரியர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, குவளை இருக்கட்டும், ஆனால் ஓட்டைக் குவளையாக இருக்கட்டும் என்றார்.

நிரஞ்சனா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். அவள் முகத்தில் பழைய வெளிச்சம் வந்துவிட்டது.

"அதெல்லாம் ஏற்கெனவே எங்க கப்பல்ல இருக்கு சார்" என்றாள். அவள் சொன்னதில் துளிக் கலப்படம் இல்லை.

சாப்பாடு வருவதற்குள் முதல் பயணம் நிரம்பிவிட்டது. ஜன்னல் வைத்த ரூம் அமலோற்பவத்துக்கு என்று அறிவித்தார்கள். அவள் வறுவலில் நடுத்துண்டாகப் பார்த்து எடுத்துக்கொண்டிருந்ததால் கைதட்டலைக் கவனிக்கவில்லை.

தஸ்நேவிஸ் அன்றைக்கும் அதற்குப் பிறகும் அதிகம் பேசவில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தார்; இருந்தாலும் நெஞ்சில் ஏதோ முள் மாட்டின மாதிரி இருந்தது. கடை வாசலில் சைக்கிள்காரர்கள் காலை ஊன்றிப் பார்த்துவிட்டு, அக்கா வரலையா என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

சொன்ன நாளில் கப்பல் கிளம்பியது. டீ ஆறித்தான் வந்தது. கூப்பிட்ட ஆள் மூன்றாவது தடவையும் திரும்பவில்லை. சிவகுருநாதனின் ரூம் கதவு இரவெல்லாம் அடித்துக்கொண்டது, காலையில் அவர் கண் சிவக்க வந்து, கம்பெனி சொன்ன சொல் காப்பாற்றுகிறது என்று கூடவே வந்திருந்த நிரஞ்சனாவுக்குக் கைகொடுத்தார். கப்பல் ஆடியது. மேல்தளத்தில் ஒருவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுக்க, பக்கத்தில் இருந்தவர், கவலையை விடுங்க, இந்தக் கணக்குல போனா எல்லாரும் வீட்டுக்குப் போயிரலாம் என்று தேற்றிக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் தஸ்நேவிஸும் அமலோற்பவமும் மேல்தளத்தில் இரண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். கரை மறைந்து வெகுநேரம் ஆகியிருந்தது. அவள் கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். காற்றில் முந்தானை பறந்ததை இழுத்துச் செருகக்கூடத் தோன்றாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தை இப்படி அவர் பார்த்ததில்லை. இந்த முகத்துக்காகத்தான் பெண் பார்க்கப் போன அன்றைக்கு அப்படி அளந்தோமோ என்று அவருக்குத் தோன்றியது. ஆனாலும் முள் உறுத்தியது. கேட்டுவிட்டார்.

"ஏட்டி, எனக்கு ஒரு சந்தேகம். அந்தப் பழைய ராஜஹம்சத்துல நீ எப்போ போன?"

அமலோற்பவம் ஆறின டீயை ஒரு மடக்குக் குடித்தாள். கடலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நீங்க போன அதே தடவைதான்" என்றாள். "பக்கத்து ரூம்."